சிறு பிழைகள் திருத்தப்பட்டன

ஒரு வரியை அழிக்க மறந்துபோன ஆளைப் பற்றியது இது. மறந்ததோடு போயிருந்தால் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. மறதிக்கு யார் கதை எழுதுவார்கள்? அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் கதை.

அவனுக்கு ஓர் அக்கா. பள்ளிக்கூட அலுவலகத்தில் கால அட்டவணை போடுவது அவள் வேலை. எந்த ஆசிரியர் எந்த மணிக்கு எந்த வகுப்பில் இருக்கவேண்டும் என்பதை ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளாமல் கட்டம் கட்டமாக உட்காரவைப்பாள். கொஞ்சம் தவறினாலும் ஒரே வகுப்பில் இரண்டு கணக்கு ஆசிரியர்கள் நுழைந்து முறைத்துக்கொள்வார்கள். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. நாற்பதைத் தாண்டியதும் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணாடியை மாற்றினாள், மறுபடியும் மாற்றினாள். திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்துகொண்டு அவள் வேலை பார்ப்பதைத் தம்பிக்காரன் ஒருநாள் பார்த்துவிட்டான். அவன் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறவன். ஊராருக்கெல்லாம் என்னென்னமோ எழுதிக்கொடுக்கிறோம், கூடப்பிறந்தவளுக்கு ஒன்று செய்யக்கூடாதா என்று ரோஷம் வந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் செய்து முடித்தான். பிரவுசரில் சேர்த்துக்கொள்கிற எக்ஸ்டென்ஷன் அது. எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்தைப் பெரிதாக்கும், வரிகளுக்கு நடுவே இடம் விடும், மினுக்கிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை விரட்டிவிடும். பெயருக்காக அவன் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ‘பெரிய எழுத்து’ என்றே வைத்துவிட்டான்.

அதை அக்காவின் கம்ப்யூட்டரில் போட்ட அன்று நடந்த ஒரு சின்ன விஷயத்தை இங்கேயே சொல்லிவிடவேண்டும். இப்படிப் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பிரவுசர் ஒரு பெட்டியைக் காட்டிச் சம்மதம் கேட்கும். அந்தப் பெட்டி பிரவுசருக்குச் சொந்தம். எந்த எக்ஸ்டென்ஷனும் அதில் கைவைக்க முடியாது. அதனால் உலகத்து எழுத்தெல்லாம் பெரிதானாலும் அந்தப் பெட்டியின் எழுத்து மட்டும் எறும்பளவுதான். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

“ஒண்ணும் இல்லக்கா. சேக்கலாமான்னு கேக்குது. ஆமாம்னு போடு.”

போட்டாள். ‘நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவல்கள் அனைத்தையும் இது படிக்கவும் மாற்றவும் முடியும்’ என்று பெட்டியில் எழுதியிருந்தது. எழுத்தைப் பெரிதாக்கப் பக்கத்தைத் தொட்டுத்தானே ஆகவேண்டும்? அந்த அனுமதி தேவைதான். அவன் பொய் சொல்லவில்லை, சுருக்கிச் சொன்னான். உலகத்தில் பாதிக் கெடுதல் இப்படிச் சுருக்கிச் சொல்வதில்தான் ஆரம்பிக்கிறது.

எக்ஸ்டென்ஷன் செய்வது ஒரு வேலை என்றால் அதைக் காப்பாற்றி வருவது ஒன்பது வேலை. ஒவ்வொரு தளமும் ஒரு மாதிரி கட்டப்பட்டிருக்கும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த பக்கத்தை அந்தத் தளத்துக்காரர்கள் இன்று இடித்துக் கட்டிவிடுவார்கள். அங்கே எழுத்தைப் பெரிதாக்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அக்கா போன் செய்து, “எழுத்தெல்லாம் சண்டை போடுதுடா” என்பாள். எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் அவன் நிரலில் ஒரு வரி சேர்த்தான். எழுத்துகள் எங்கே ஏறிக்கொள்கின்றனவோ, அந்தப் பக்கத்தின் நகல் அப்படியே அவனுடைய சர்வருக்கு வந்துவிடும். பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். அப்போது அதைப் பயன்படுத்தியது இரண்டே கம்ப்யூட்டர்கள். அவனுடையது ஒன்றாம் எண், அக்காவுடையது இரண்டாம் எண். வரிக்கு மேலே தனக்குத்தானே ஒரு குறிப்பும் எழுதிவைத்தான்: ‘அக்காவுக்கு மட்டும். வெளியே விடுமுன் எடுத்துவிடு.’

எடுக்கவில்லை.

அக்கா அதை அலுவலகத்தில் காட்டினாள். அங்கிருந்தவர்கள் தங்கள் அப்பா அம்மாவுக்குக் கேட்டார்கள். அவன் பொதுவில் வெளியிட்டான். மூன்று வருஷத்தில் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை என்பார்கள். இலவசமாகக் கொடுத்ததற்கு எண்பது வக்கணை வந்தது. ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டினவர்களும் உண்டு. அதையெல்லாம் படித்துவிட்டு அவன் சுருண்டு படுத்துக்கொள்வதைப் பார்த்த அக்கா, கடிதங்களை இனி நான் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து ஆசிரியர்களைச் சமாளித்தவளுக்கு இவர்கள் எம்மாத்திரம்? ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் பதில் எழுதுவாள். ஒவ்வொரு வெர்ஷனோடும் அவன் போடும் மாற்றக் குறிப்பை உலகத்திலேயே படிக்கிற ஒரே ஆளும் அவள்தான்.

ஒருமுறை எல்லோரும் பார்க்கிற கருத்துப் பகுதியில் ஒரு பெண்மணி, “இது நாங்கள் படிப்பதை எல்லாம் எங்காவது அனுப்புமா?” என்று கேட்டிருந்தார். அக்கா தம்பியிடம்கூடக் கேட்காமல் பதில் போட்டாள்: “இதைச் செய்தவன் என் தம்பி. என் கம்ப்யூட்டரிலும் இதுதான் இருக்கிறது. மற்றவர் பொருளை எட்டிப் பார்க்கிற புத்தி அவனுக்கு இல்லை. நான் பொறுப்பு.” அந்தப் பதிலை முந்நூறு பேர் விரும்பியிருந்தார்கள். அவனே அதை எல்லாவற்றுக்கும் மேலே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி நிறுத்திவைத்தான்.

ஒருநாள் மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது சர்வர் வாடகைக்கு விட்டிருந்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தான். நாற்பத்தோராயிரம் பக்கங்கள். முதலில் வந்தது யாரோ ஒருவர் பார்த்த பேருந்து நேரம். அடுத்தது யாரோ ஒருத்தி வேலை கேட்டு எழுதிய கடிதம், பாதியில். அதற்கடுத்தது முகம் தெரியாத ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு. டப்பாவை மூடினான். அன்று அவன் சாப்பிடவில்லை.

அந்த நிமிஷமே எல்லாவற்றையும் அழித்திருந்தால் அவன் மறதிக்காரன், அவ்வளவுதான். அழிக்கவில்லை. சேதம் எவ்வளவு என்று பார்க்கவேண்டாமா என்று தனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். பார்ப்பது என்று ஆரம்பித்தவன் கண்ணில் எண்கள் பட்டன. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் இருந்ததே. இரண்டாம் எண்ணைத் தட்டிப் பார்த்தான். அதற்கு மட்டும் அவனிடம் எந்த நியாயமும் இல்லை. கை போனது, போகவிட்டான்.

பெரும்பாலும் கால அட்டவணைகள். நடுவே ஒரு கண் மருத்துவமனையின் பக்கம். அக்கா டாக்டருக்கு எழுதிய கடிதம் அதில் இருந்தது, எழுத்து எழுத்தின்மேல் ஏறி. ஏறியிருந்தாலும் படிக்க முடிந்தது.

‘இன்னும் ஒன்றரை வருஷத்தில் படிக்கிற பார்வை போய்விடும் என்று சொன்னீர்கள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பதிலை இங்கேயே எழுதுங்கள், தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பவேண்டாம். என் தம்பி எனக்காக ஒன்று செய்துகொடுத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும், அக்கா இப்போ தெரியுதா என்று கேட்பான். தெரிகிறது என்றுதான் சொல்வேன். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் நடுவில் ஒரு மறைப்பு வந்துவிடுகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? பார்வை இருக்கும்போதே நான் என்ன கற்றுக்கொள்ளவேண்டும், அதைச் சொல்லுங்கள்.’

கடிதத்தின் தேதி எட்டு மாதத்துக்கு முந்தியது. அவன் இரண்டு முறை படித்தான். முதல் முறை படித்ததையாவது கை தவறியது என்று சொல்லலாம். இரண்டாம் முறைக்கு என்ன சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். அழவேண்டும் போலிருந்தது, எதற்கு அழுகிறாய் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

பக்கத்து மேசைக்காரர் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரிடம் போய், எனக்கு ஒரு நண்பன், அவன் ஓர் எக்ஸ்டென்ஷன் செய்தான் என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னான். அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்த வரிய எடுத்துட்டு, வந்ததெல்லாம் அழிச்சுட்டு, எல்லாருக்கும் சொல்லிடச் சொல்லுங்க உங்க நண்பனை. திட்டுவாங்க, கொஞ்ச நாள்ல விட்டுடுவாங்க. எவனுக்குத்தான் மறதி இல்ல?” என்றவர், கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். “எதையும் தெறந்து படிக்கலயே அவரு?”

“இல்ல சார்” என்றான். நண்பனுக்காகச் சொன்ன பொய்யில் அவனுக்கே காது சூடானது.

அன்றே அந்த வரியை எடுத்தான். நாற்பத்தோராயிரத்தையும் அழித்தான். புது வெர்ஷனை வெளியிட்டான். மாற்றக் குறிப்பு எழுதும் கட்டத்தில் விரல் வெகு நேரம் நின்றது. உண்மையை எழுதினால் ஒன்பதாயிரம் பேர் காறித் துப்புவார்கள் என்பதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒருத்தி படிப்பாளே. கடைசியில், ‘சிறு பிழைகள் திருத்தப்பட்டன’ என்று எழுதினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கென்றே யாரோ கண்டுபிடித்த வாசகம் அது.

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை அது மறைந்தே போயிருக்கும். அவனால் இருக்க முடியவில்லை. ஒன்றரை வருஷத்தில் எட்டு மாதம் போய்விட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்று வாரம் தூங்காமல் கொள்ளாமல் புதிதாக ஒன்றைச் செய்தான். பக்கத்தை வாசித்துக்காட்டும் ஒரு குரல். திரையைப் பார்க்கவே வேண்டாம். கீபோர்டில் ஒரு பட்டனை இரண்டு தடவை தட்டினால் வாசிக்கும், ஒரு தடவை தட்டினால் நிறுத்தும். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அட்டவணைகளைக்கூட வரிசையாகச் சொல்லும். செய்து முடித்ததும் பாவத்தில் பாதி கழிந்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. பாவம், அப்படி நினைத்துக்கொண்டு விடுமுறை நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனான்.

அத்தான் வீட்டில் இல்லை. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். விடுமுறை நாளென்றால் எங்காவது ஒரு லிஃப்ட் நடு மாடியில் நின்றுவிடும். சாப்பாட்டு மேசையில் அக்காவின் லேப்டாப் இருந்தது. அவன் உற்சாகமாகப் புது வெர்ஷனைப் போட்டு, பட்டனை இரண்டு தடவை தட்டினான். அவள் பள்ளிக்கூடத்தின் அட்டவணையைக் குரல் கணீரென்று வாசிக்க ஆரம்பித்தது. திங்கள், முதல் மணி, எட்டாம் வகுப்பு, அறிவியல். அக்கா அசையாமல் கேட்டாள். செவ்வாய்க்கிழமை முடியும்வரை கேட்டாள். பிறகு, இதை யார் கேட்டார்கள் என்றாள்.

நிறையப் பேர் கேட்டார்கள் என்று சொன்னான்.

“யாரும் கேக்கலடா. மெயில் பூரா நான்தானே பாக்கறேன்.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று வாயால் சொன்னாலாவது மழுப்பலாம். இவன் மூன்று வாரம் உட்கார்ந்து நிரலாகவே எழுதிக்கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தான். நானாகத்தான் யோசித்தேன், பின்னால் உதவும் என்று தோன்றியது, பார்க்காமலே தட்டலாம் என்றெல்லாம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வார்த்தையும் குதிர் இருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டியது. அக்கா அவன் முகம் இருக்கும் பக்கமாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தாள். நடுவில் மறைப்பு இருப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். எத்தனையோ மாதமாக அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“போன மாசம் ‘சிறு பிழைகள்’னு போட்டிருந்தியே. என்ன பிழை அது?”

அவன் மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்தான்.

“அந்த டாக்டருக்கு எழுதினத நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உங்க அத்தானுக்கே தெரியாது” என்றாள். “படிச்சியா?”

“படிச்சேன்.”

“தானா கண்ணுல பட்டுதா, தேடிப் போய்ப் படிச்சியா?”

தானாகப் பட்டது என்று சொல்ல வாய் திறந்தான். பாதிக்கு மேல் அது உண்மைதானே என்று உள்ளே ஒரு வக்கீல் எழுந்து நின்றான். அவனை உட்காரவைக்க நேரம் பிடித்தது.

“தேடித்தான்” என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வரியை, வரிக்கு மேலிருந்த குறிப்பை, நாற்பத்தோராயிரத்தை, இரண்டாம் எண்ணை. மேசை விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான். சிறுவயதில் திட்டு வாங்கும்போது சட்டை நுனியைச் சுற்றுவானே, அதே மாதிரி. அக்கா திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

“எனக்குத் தெரிஞ்சத உனக்குச் சொல்லாம வெச்சிருந்தேன். அது என் கண்ணு, என் இஷ்டம். எப்ப சொல்லணும்னு நான் நெனச்சிருந்தேன். அத எடுத்துட்ட. அது போகட்டும்” என்றாள். “அந்தம்மா கேட்டப்போ நான் பொறுப்புன்னு எழுதினேனே. அத நீ மேல தூக்கி வெச்சியே. அப்பகூட உனக்கு உறுத்தலயா?”

அப்போது ஞாபகமே இல்லை என்றான். அது நிஜம். நிஜத்தைச் சொல்லும்போதும் பொய் மாதிரியே ஒலித்தது.

இப்போதே எழுது என்றாள் அக்கா. அவன் லேப்டாப்பை இழுத்து, ஒன்பதாயிரம் பேருக்கும் போய்ச்சேரும் குறிப்பை எழுதினான். எழுதி முடித்ததும் அவள் கையை நீட்டி, தானே பட்டனை இரண்டு தடவை தட்டினாள். குரல் வாசித்தது. அவன் செய்த குரல், அவன் எழுதிய மன்னிப்பை, ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல், அட்டவணை வாசித்த மாதிரியே வாசித்தது. ‘எங்கள் கவனத்தை மீறி ஒரு தவறு நடந்துவிட்டது’ என்ற இடத்தில் அக்கா ஒரு தடவை தட்டி நிறுத்தினாள்.

“‘எங்கள்’னா யாரு? நான் எதையும் தெறந்து பாக்கலயே. அப்புறம், அதுவா நடந்துச்சா, நீ பண்ணினியா?”

மாற்றினான். மறுபடி வாசிக்கவைத்தாள், மறுபடி நிறுத்தினாள். நான்கு தடவை ஆயிற்று. நான்காம் தடவை மிஞ்சியது கொஞ்சம்தான்: ‘உங்கள் பக்கங்கள் மூன்று வருஷமாக என்னிடம் வந்துகொண்டிருந்தன. எடுக்கவேண்டிய வரியை நான் எடுக்கவில்லை. தெரிந்த பிறகு சிலவற்றைத் திறந்தேன். ஒன்றைத் தேடிப் படித்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். போன மாதமே சொல்லியிருக்கவேண்டும். சிறு பிழை என்று பொய் சொன்னேன்.’ மேலே நிறுத்திவைத்திருந்த தன் பழைய பதிலுக்குக் கீழே அக்கா தானே ஒரு வரி தட்டச்சு செய்தாள்: ‘தெரியாமல் எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.’ அவள் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு நிலம் பிளந்தால் தேவலை என்று இருந்தது.

குறிப்பு போய்விட்டது. இனி என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

“இப்ப இத என்னோடதுலேருந்து எடுத்துடு” என்றாள்.

“அக்கா, அந்த வரி இப்ப இல்லக்கா. சத்தியமா இல்ல. இத எடுத்துட்டா நீ எப்படி...”

“ஆஸ்பத்திரியில வேற ஒண்ணு சொல்லிக்கொடுத்திருக்காங்க. கத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எடு.”

எடுக்கப்போனான். பிரவுசர் தன் பெட்டியைக் காட்டியது, அதே எறும்பு எழுத்தில். அக்கா திரையை நோக்கித் தலையைச் சாய்த்தாள்.

“என்ன எழுதியிருக்கு?”

“எடுக்கலாமான்னு கேக்குதுக்கா.”

“சுருக்காத. அதுல என்ன இருக்கோ அத அப்படியே படி.”

படித்தான். “‘பெரிய எழுத்து - இதை நீக்க விரும்புகிறீர்களா?’ கீழ ரெண்டு பட்டன் இருக்கு. ‘நீக்கு’, ‘வேண்டாம்’.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “இன்னும் ஒரு சின்னக் கட்டம் இருக்கு. ‘முறைகேடு பற்றிப் புகார் செய்.’ வேணும்னா அதுல டிக் போட்டுக்கலாம்.”

அக்கா யோசித்தாள். வேடிக்கைக்கல்ல, உண்மையாகவே யோசித்தாள். அவன் விரல் மௌஸ்மேல் அப்படியே இருந்தது. போடு என்றால் போட்டிருப்பான்.

“அது வேண்டாம்” என்றாள். “நீக்குறதுக்கு மட்டும் ஆமாம்னு போடு.”

போட்டான். பக்கத்தைப் புதுப்பித்தான். அட்டவணையின் எழுத்துகள் சட்டென்று சுருங்கித் தங்கள் பழைய அளவுக்குப் போய்க் கட்டங்களுக்குள் ஒடுங்கிக்கொண்டன. மூன்று வருஷமாக, எதை மாற்றினாலும் அடுத்த நொடி ‘அக்கா, இப்போ தெரியுதா?’ என்று அவன் வாய் தானாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலடா” என்றாள்.